திட்டில் ஒரு வேளைச் சோறு

ஆறு மணற்குடியை விழுங்கிவிட்டு, பிறகு செய்ததை நினைத்து வெட்கப்பட்டதுபோல, எதிர்ப்பக்கம் ஒரு திட்டைக் கொண்டுவந்து போட்டது.

சின்னத் திட்டு அல்ல. ஐந்து வேலி நிலம். வெள்ளம் வடிந்ததும் கறுகறுவென்று வண்டலோடு வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. பார்த்தவர்களுக்கெல்லாம் கை துறுதுறுத்தது. விதையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்துத் தும்மினால்கூட முளைத்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள்.

வீடும் வயலும் பறிகொடுத்துவிட்டுக் கோயில் மண்டபத்தில் முடங்கிக் கிடந்த ஜனம் அது. அரண்மனையிலிருந்து ஆள் வந்து சொன்னான்: "ஆறு எடுத்துக்கிட்டதுக்கு ஆறே குடுத்திருக்கு. திட்டை மணற்குடிக்காரங்களே வச்சுக்கச் சொல்லி உத்தரவு."

அன்றைக்கு மண்டபத்தில் ஆடாத கால் இல்லை. கால் இழுத்துக்கொண்டு நடப்பவர்கள்கூட உட்கார்ந்த இடத்திலேயே தோளை ஆட்டினார்கள்.

பங்கு பிரிக்க ஆள் வேண்டுமே. திருமேனியைக் கூப்பிட்டார்கள்.

திருமேனி அறுபதைத் தாண்டியவர். அரண்மனையில் நிலம் அளந்தவர். ஒரு நாள் அளவுகோலைப் பரணில் போட்டுவிட்டு ஆற்றங்கரை மடத்துக்கு வந்து சேர்ந்தார். மடத்தின் குரு செண்பகத்தம்மைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். நரைத்த தலை கறுத்த தலையைக் கும்பிடுகிறது என்று ஊரில் சிலர் சிரித்தார்கள். திருமேனி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திட்டை அளக்கக் கூப்பிட்டதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருஷம் அளந்ததெல்லாம் ஒருவனிடம் பிடுங்கி இன்னொருவனுக்குக் கொடுக்கத்தான். முதல் தடவையாக யாரிடமும் பிடுங்காத மண்ணை அளக்கப்போகிறார். கோலை எடுத்துத் துடைத்தார். முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு பாட்டுகூடப் பாடினார். ஒரு தடவை கேட்டவர்கள் இன்னொரு தடவை கேட்க ஆசைப்படாத குரல் அவருக்கு.

ஒரு குடும்பத்துக்கு ஐந்து மா என்று கணக்குப் போட்டார். நாலு மா நெல்லுக்கு. அதற்குக் குறைந்தால் வருஷம் முழுக்க வயிறு நிறையாது. ஒரு மா குடியிருக்க. அதில் வீடு, முற்றம், மாட்டுக்கொட்டகை, கிணறு, களம், வைக்கோல் போர், வண்டிப்பாதை, எல்லாம் அவரவருக்குத் தனித்தனி. எதற்காகவும் யாரும் அடுத்தவர் வாசலில் போய் நிற்க வேண்டாம். சண்டைக்கே இடமில்லாத ஊர்! காலமெல்லாம் வரப்புத் தகராறு கேட்டுக் காது புளித்துப்போனவருக்கு அந்த நினைப்பே இனித்தது.

மாவுக்கு நூறு குழி, வேலிக்கு இருபது மா, ஐந்து வேலிக்கு நூறு மா. குடும்பத்துக்கு ஐந்து என்றால் இருபது குடும்பம்.

மணற்குடியில் இருந்ததோ இருபத்துநாலு குடும்பம்.

பாட்டு நின்றுவிட்டது. திரும்பவும் அளந்தார். மண் கூடவில்லை, குடும்பமும் குறையவில்லை.

ஊர் நாட்டாமை மாசிலாமணி அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்.

"கடைசியா வந்து குடியேறுனது நாலு வீடு. அவங்க போகட்டும். உப்பளத்துக்கு ஆள் கேக்குறாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் படகு வருது. ஏத்தி விட்டுடலாம்."

"கைக்குழந்தை இருக்கே அதுல ஒரு வீட்டுல."

"நானா பெத்துக்கச் சொன்னேன்? மண்ணு இல்லைன்னா இல்லைதான். நீங்கதான அளந்தீங்க?"

அந்த நாலு வீட்டில் ஒன்று பவளக்கொடியுடையது. புருஷன் மருதையன் பரிசல் தள்ளுகிறவன். திட்டு கிடைத்த அன்று குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லோரையும்விட அதிகமாக ஆடியவள் அவள்தான். உப்பளச் செய்தி கேட்டதும் அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. திருமேனியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மடத்துக்கு ஓடினார். செண்பகத்தம்மை கீரைப் பாத்தியில் உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு குடும்பத்துக்கு இருக்கவும் திங்கவும் எவ்வளவு நிலம் வேணும்?"

"என்னைக் கேக்குறீங்க? நீங்கதான அளவுகாரர்?"

"அஞ்சு மான்னு போட்டேன். நாலு குடும்பம் வெளியில நிக்குது. நாலே காலா, அதுக்கும் கீழயா? சரியான அளவை நீங்க சொல்லுங்க. அதை வச்சுப் பிரிச்சிடுறேன். வெள்ளிக்கிழமை படகு வந்துடும்மா."

அம்மை கையிலிருந்த கோரையை உதறி ஓரமாகப் போட்டார்.

"அந்தத் திட்டுல யாராவது ஒரு வேளை சோறாக்கித் தின்னாங்களா?"

"இன்னும் குடியே போகலையேம்மா."

"சட்டை தைக்கிறவன்கூட ஒரு தடவை போட்டுப் பாக்கச் சொல்றான். நீங்க ஊரையே தச்சு முடிச்சிட்டீங்க. யாரும் போட்டுப் பாக்கலையே."

அம்மை அடுத்த களையைப் பிடுங்கினார்.

"வெள்ளிக்கிழமை காலையில எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க. இருபது மனைக்கும் கயிறு கட்டுங்க. அவங்கவங்க கயித்துக்குள்ளயே உலை வச்சுச் சாப்பிடணும். சாப்பிட்டு முடியிற வரைக்கும் யாரும் கயித்தைத் தாண்டக் கூடாது."

"அந்த நாலு வீடு?"

"அவங்களும் வரட்டும். நானும் வர்றேன். எனக்கு யாரு சோறு போடுறது?"

வெள்ளிக்கிழமை காலையில் ஆற்றைப் பார்த்திருக்க வேண்டும். பரிசல் மேல் பரிசலாகப் போனது. ஒன்றில் தவுல், ஒன்றில் ஆடுகள், ஒன்றில் அம்மி. கோழிக்கூடை கவிழ்ந்து நடு ஆற்றில் ஒரே கூச்சல். மாடுகள் நீந்திக் கரையேறி, உடம்பைச் சிலுப்பி, புது மண்ணை முகர்ந்து பார்த்துவிட்டுத் துள்ளின. அவற்றைப் பார்த்துப் பெரிய மனுஷர்களும் துள்ளினார்கள். ஒருவர் மண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு இல்லைடா! உப்பு இல்லை!" என்று கத்தினார்.

திருமேனி இருட்டு விலகுவதற்கு முன்பே போய் இருபது மனைக்கும் கயிறு கட்டி வைத்திருந்தார். நேர்க்கோடு என்றால் அப்படி ஒரு நேர்க்கோடு. குடும்பம் குடும்பமாக வந்து தங்கள் மனையில் இறங்கியபோது எல்லோருக்கும் வாயெல்லாம் பல். இங்கே வாசல், இங்கே கொட்டகை, இங்கே களம் என்று நடந்து நடந்து காட்டிக்கொண்டார்கள். மாசிலாமணி தன் மனையின் நாலு மூலையிலும் போய் நின்று பார்த்தார்.

கயிறு இல்லாத நாலு குடும்பமும் படகுத்துறைப் பக்கம் மேட்டில் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்தார்கள். செண்பகத்தம்மை மடியில் பொரியைக் கட்டிக்கொண்டு அவர்களோடு போய் உட்கார்ந்தார்.

"ஆரம்பிக்கலாம்!" என்று திருமேனி கோலைத் தூக்கினார்.

இருபது மனையிலும் கல் கூட்டினார்கள். விறகு அடுக்கினார்கள். அரிசி களைந்தார்கள். கத்தரிக்காய் நறுக்கினார்கள். பானையை அடுப்பில் ஏற்றினார்கள்.

பிறகு எல்லோரும் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

மணற்குடியில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டிலும் தனியாக நெருப்பு மூட்ட மாட்டார்கள். விடிகாலையில் யார் முதலில் எழுந்திருக்கிறார்களோ அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும். அங்கிருந்து பக்கத்து வீட்டுக்கு, அதிலிருந்து அடுத்த வீட்டுக்கு என்று கொட்டாங்கச்சியில் கங்கு போகும். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து ஊர் முழுக்க ஒரே நெருப்பு.

ஆகவே உப்பு கொண்டுவந்தவர்கள் உண்டு, புளி கொண்டுவந்தவர்கள் உண்டு, கருவாடு கொண்டுவந்தவர்கள் உண்டு. நெருப்பை யாரும் கொண்டுவரவில்லை. பக்கத்து வீட்டில் இருக்கும் என்று இருபது வீடும் நினைத்துவிட்டது!

"உங்ககிட்ட கங்கு இருக்கா?"

"இல்லையே. உங்ககிட்ட இருக்கும்னுல்ல நெனச்சோம்!"

கேள்வி ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய், அங்கேயும் இல்லை என்று திரும்பி வந்தது.

அப்போதுதான் மேட்டில் புகை எழும்பியது.

பவளக்கொடி உலை வைத்திருந்தாள். குழந்தை பிறந்ததிலிருந்து ஊரில் முதலில் எழுந்திருப்பவள் அவள்தான். பழக்கதோஷத்தில் விடிகாலையில் மண்டபத்தில் அடுப்பு மூட்டி, வழக்கம்போல ஊருக்கு வேண்டிய கங்கைச் சட்டியில் எடுத்து மூடி, பரிசலில் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் அதே ஊர் தன்னைப் படகேற்றப்போகிறது என்பது கைக்குத் தெரியவில்லை.

சோறு கொதிக்கும் வாசனை காற்றில் வந்தது.

இருபது குடும்பமும் கயிற்றோரம் வந்து நின்றது. மாசிலாமணி கழுத்தை நீட்டிப் பார்த்தார். அவருடைய கால்விரல் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தது.

"தாண்டக் கூடாது!" திருமேனி கோலோடு அங்குமிங்கும் ஓடினார். "அம்மை சொல்லியிருக்காங்க! யாரும் தாண்டக் கூடாது!"

"எது வரைக்கும்?"

"சாப்பிட்டு முடியிற வரைக்கும்!"

"நெருப்பு இல்லாம எப்படிய்யா சாப்பிடுறது?"

திருமேனிக்கே வயிறு கபகபவென்று எரிந்தது. மேட்டைப் பார்த்தார். செண்பகத்தம்மை நிதானமாகப் பொரி தின்றுகொண்டிருந்தார்.

வெயில் உச்சிக்கு ஏறியது. ஊறவைத்த அரிசி ஊறிக்கொண்டே இருந்தது. கடைசியில் மாசிலாமணியின் மனைவி குப்பாயி எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"குப்பாயி, ஊர்க் கட்டுப்பாடு!" என்றார் மாசிலாமணி.

"கட்டுப்பாட்டை வேக வச்சுத் தின்னும்!" என்று சொல்லிவிட்டு அவள் கயிற்றைத் தாண்டினாள்.

"நாட்டாமை வீட்டம்மாவே தாண்டிட்டாங்க!" என்று எங்கிருந்தோ ஒரு குரல். அவ்வளவுதான். அணை உடைந்ததுபோல ஆயிற்று.

கொட்டாங்கச்சியோடு ஓடினார்கள். பவளக்கொடி ஒவ்வொருவருக்கும் கங்கு எடுத்து வைத்தாள். யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு திரும்பினால் மனைக்கும் மேட்டுக்கும் நடுவே நீள வெளி; ஆற்றுக்காற்று. பாதி வழியில் கங்கு சாம்பலானது. திரும்ப ஓடினார்கள். திரும்பவும் சாம்பல்.

"கங்கை ஏன்டி தூக்குறீங்க, பானையைத் தூக்குங்கடி!" என்றாள் குப்பாயி.

பானைகள் மேடேறின. ஒரு அடுப்பிலிருந்து அடுத்த அடுப்பு பற்றியது. மருதையன் மேட்டோரம் தோண்டிய ஊற்றில் தண்ணீர் தித்தித்தது. இருந்தது ஒரே அம்மி. ஒருத்தி அரைக்க, மூன்று பேர் வரிசையில் நின்று அவசரப்படுத்தினார்கள். ஒரு வீட்டுக் கத்தரிக்காய் இன்னொரு வீட்டுப் புளியில் வெந்தது. மாடுகளை ஒரே வரிசையில் கட்டினார்கள். எங்கேயோ ஒரு புடவை தூளியானது. யார் குழந்தை அதில் தூங்கியது என்று யாரும் பார்க்கவில்லை. தவுல்காரர் சும்மா இருக்க முடியாமல் அடிக்க ஆரம்பித்தார்.

திருமேனியின் கயிறுகள் மிதிபட்டு, அறுந்து, சேற்றில் புதைந்தன. ஒரு கன்றுக்குட்டி இரண்டு மனைக் கயிற்றைக் காலில் சுற்றி இழுத்துக்கொண்டே போய்விட்டது.

"என் கோடு! என் கோடெல்லாம் போச்சே!" கிட்டத்தட்ட அழுதுவிட்டார் மனுஷர்.

"உக்காருங்க அளவுகாரரே" என்று அவர் முன்னால் இலையைப் போட்டாள் குப்பாயி. சோற்றையும் போட்டாள். அவருக்குக் கோபமும் பசியும் ஒன்றாக ஏறியிருந்தன. பசி ஜெயித்தது. இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

கை கழுவிக்கொண்டிருந்தபோது செண்பகத்தம்மை வந்து நின்றார்.

"பெரியவரே, சாப்டாச்சா?"

"ஆச்சும்மா." அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "நீங்க சொன்னது ஒண்ணும் நடக்கலை. என்னால காவல் காக்க முடியலை."

"அது கிடக்கட்டும். இப்ப அளங்க."

"எதைம்மா?"

"இவங்க உக்காந்திருக்கிற இடத்தை."

எதற்கு என்று கேட்காமல் கோலை எடுத்தார். சாப்பிட்ட களைப்பில் சாய்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். தூளியைச் சுற்றிக்கொண்டு போனார். மாட்டு வரிசையையும் சேர்த்தார், ஊற்றையும் சேர்த்தார். கோல் மூலைக்கு வந்து நின்றது.

அவர் முகம் மாறியது. முதலிலிருந்து இன்னொரு தடவை அளந்தார்.

ஒரு மா.

இருபத்துநாலு குடும்பமும் ஆடு மாடுகளும் அடுப்புகளும் ஒரே ஒரு மாவில் இருந்தன! சுவர் வைக்க வேண்டும், கூரை போட வேண்டும், நடக்கச் சந்து விட வேண்டும். இரண்டு மா ஆகட்டும். எல்லோருக்கும் ஒரு களம், ஒரு வைக்கோல் போர், ஒரு வண்டிப்பாதை. போகட்டும், நாலு மா என்றே வைத்துக்கொள்ளலாம்.

மண்ணில் குந்தி உட்கார்ந்து விரலால் கிறுக்கினார். நெல்லுக்குக் குடும்பத்துக்கு நாலு மா, அதில் குறைக்கவே வேண்டாம். இருபத்துநாலு குடும்பத்துக்குத் தொண்ணூற்றாறு மா. நூறில் மிச்சம்?

"நாலு!" என்று அலறினார். தூளியில் தூங்கிய குழந்தை விழித்துக்கொண்டு வீரிட்டது. "நாலு மா மிச்சம்! இடம் இருக்கு! எல்லாருக்கும் இடம் இருக்கு!"

அதே நேரம் துறையில் சங்கு ஊதியது. உப்பளத்துப் படகு வந்துவிட்டது. மருதையன் மூட்டையைத் தோளில் ஏற்றியிருந்தான். பவளக்கொடி நெருப்புச் சட்டியை யாரிடம் கொடுப்பது என்று சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருமேனி ஓடினார். அறுபதைத் தாண்டிய உடம்பு அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. படகுக்கும் மருதையனுக்கும் நடுவில் போய்க் கோலைக் குறுக்கே நீட்டி நின்றார்.

"இறக்கு மூட்டையை! இறக்குடா!"

விஷயத்தை மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். வீடெல்லாம் மேட்டில் ஒன்றாக. களம் பொது, பாதை பொது, கிணறு பொது. நெல்லுக்கு யாருக்கும் ஒரு குழிகூடக் குறையாது. நாலு குடும்பமும் இங்கேயே இருக்கலாம். ஊரார் சம்மதித்தால்.

கூட்டம் மாசிலாமணியைப் பார்த்தது.

"அப்ப எனக்குக் குடுத்த மனை?" என்றார் அவர். "தனிக் களம், தனிக் கிணறுன்னு சொன்னீங்களே. காலையில குடுத்த ஒரு மாவை சாயங்காலம் புடுங்குறதா?"

படகுக்காரன் அவசரப்படுத்தினான். பவளக்கொடி ஒரு காலைப் படகில் வைத்திருந்தாள். திருமேனி கோலை இறக்கவில்லை.

"அந்த ஒரு மாவுல காலையிலேர்ந்து உக்காந்திருந்தீரே," என்றாள் குப்பாயி, "என்னத்தத் தின்னீரு?"

முதலில் சிரித்தது தவுல்காரர். பிறகு ஊரே சிரித்தது. மாசிலாமணி முறைத்துக்கொண்டு நின்றார். அவருடைய மீசையில் பவளக்கொடி நெருப்பில் வெந்த சோற்றுப் பருக்கை ஒன்று ஒட்டியிருந்தது. தடவிப் பார்த்துவிட்டு அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"களம் மட்டும் என் வீட்டுக்குப் பக்கத்துல வரணும்" என்றார்.

"வச்சுக்கும்!" என்று ஊர் கத்தியது.

உப்பளத்துப் படகு காலியாகத் திரும்பியது. மருதையனின் மூட்டையைப் பத்துக் கைகள் இறக்கின. பவளக்கொடி அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

திருமேனி செண்பகத்தம்மையைத் தேடிக்கொண்டு வந்தார். வேட்டியெல்லாம் சேறு. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கோலை மண்ணில் ஊன்றிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிறவர்போல மூச்சுவிடாமல் சொன்னார்:

"கணக்கு கிடைச்சிடுச்சும்மா! இனி எந்த ஊருக்குப் போனாலும் கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்சுக் குடுப்பேன். நாலு மா திங்க. ஒரு மாவுல ஆறுல ஒரு பங்கு இருக்க. அவ்வளவுதான், அதுக்கு மேல ஒரு குழி வேண்டாம். ஒரு குடும்பத்துக்கு வேண்டிய நிலம் அவ்வளவுதானம்மா?"

செண்பகத்தம்மை மடியில் மிச்சமிருந்த பொரியை அவர் கையில் கொட்டினார்.

"எந்தக் குடும்பத்துக்குக் கேக்குறீங்க பெரியவரே? பக்கத்துல ஆள் இருக்கிற குடும்பத்துக்கா, இல்லாத குடும்பத்துக்கா?"